ஆடம்ஸ் ஆவணங்கள்: பெயரோடு தங்கியவை, பெயரோடு போனவை

ஆடம்ஸ் என்பவரின் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், எந்த ஆடம்ஸ் என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி நூலகத்தில் மட்டுமே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஜான் கவுச் ஆடம்ஸ், நெப்டியூன் கோள் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டவர். இன்னொருவர் நூற்றுமுப்பது வருடம் கழித்து அதே கல்லூரியில் படித்து, விண்வெளியை வைத்து நகைச்சுவை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸ். இருவருக்கும் உறவு எதுவும் கிடையாது. புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸின் நெகட்டிவ்களும் கடிதங்களும் அரிசோனாவின் டூசான் நகரில், 1975-ல் அவரே கூட நின்று தொடங்கிய மையத்தில் இருக்கின்றன. நியூயார்க் பொது நூலகத்தில் சாமுவேல் ஆடம்ஸ் இருக்கிறார். பாஸ்டனில், மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் கட்டடத்தில், ஒரு ஆடம்ஸ் குடும்பமே இருக்கிறது.

இந்த நிகழ்வு ஆய்வு அந்தக் கடைசிக் குடும்பத்தைப் பற்றியது. அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ், அவர் மனைவி அபிகெயில், ஆறாவது குடியரசுத் தலைவரான மகன் ஜான் குயின்சி ஆடம்ஸ், பேரன் சார்லஸ் பிரான்சிஸ், கொள்ளுப்பேரன்கள் ஹென்றி, புரூக்ஸ் என்று நான்கு தலைமுறைக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பக்கங்கள். இவ்வளவு காலம் இவ்வளவு நெருக்கமாக எழுத்தில் பதிவான இன்னொரு அமெரிக்கக் குடும்பத்தைச் சொல்வது கஷ்டம். இத்தனையும் எப்படித் தப்பித்தன என்பது முதல் கேள்வி. குடும்பப் பெயர் என்ற ஒற்றை லேபிள் எதையெல்லாம் உள்ளே வைத்தது, எதையெல்லாம் வெளியே தள்ளியது என்பது இரண்டாவது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஒரு தடித்த நோட்டு, 1776

1776 ஜூன் 2. பிலடெல்பியாவில், பிரிட்டனை எதிர்த்து நின்ற அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அடங்கிய மாமன்றம் கூடியிருக்கிறது. சுதந்திரப் பிரகடனத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். ஜான் ஆடம்ஸ் ஊரில் இருக்கும் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இருபது வருடமாகக் கடிதம் எழுதுகிறேன், ஒன்றுக்குக்கூட நகல் வைத்ததில்லை, அதனால் பல சமயம் அவஸ்தைப்பட்டிருக்கிறேன் என்று தொடங்குகிறார். இப்போது ஒரு பெரிய நோட்டு வாங்கியிருக்கிறாராம், இந்தக் கடிதத்தையே அதன் முதல் பக்கத்தில்தான் எழுதுகிறாராம். காரணங்களை வரிசையாக எண் போட்டுச் சொல்கிறார்: நிதானமாக எழுதுவேன், எழுதியதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம், எத்தனை முறை எழுதினேன் என்று தெரியும், வழியில் ஏதாவது தொலைந்தால் கண்டுபிடித்துவிடலாம். உனக்கும் இப்படி ஒரு நோட்டு அனுப்ப ஆள் கிடைத்தால் அனுப்புவேன், ஏனென்றால் என் கடிதங்களைவிட உன்னுடையவைதான் பத்திரப்படுத்த வேண்டியவை என்கிறார். பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழகியதும் அவர்களே உனக்காக நகல் எடுத்துக் கொடுப்பார்கள், அவர்களுக்கும் பயிற்சி ஆகும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்தச் சேகரத்தின் பிறந்தநாள் என்று ஒரு தேதி சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஆவணக் காப்பகம் என்ற எண்ணமே அந்தக் கடிதத்தில் இல்லை. தபால் தொலையும், நினைவு ஏமாற்றும், பிள்ளைகளுக்கு எழுத்து பழக வேண்டும் என்கிற நடைமுறைக் கவலைகள்தான் இருக்கின்றன. இரண்டு நூற்றாண்டு தாங்கும் சேகரம் அவற்றிலிருந்துதான் கிளம்பியது. பிள்ளைகளை நகல் எடுக்க வைக்கும் யோசனையும் அதிலேயே இருப்பதைக் கவனியுங்கள். பாதுகாக்கும் வேலை அடுத்த தலைமுறைக்குப் போவதற்கு அங்கேயே வழி போட்டாகிவிட்டது.

தபால் பற்றிய அந்தக் கவலைக்கு வலுவான காரணம் இருந்தது. 1775 ஜூலையில் அவர் எழுதிய கடிதங்கள் ரோட் ஐலண்டில் பிரிட்டிஷ்காரர்களிடம் மாட்டி, ஆகஸ்டில் பாஸ்டன் செய்தித்தாளில் அச்சாகிவிட்டன. சக உறுப்பினர் ஒருவரைப் பற்றிக் கடுமையாக எழுதிய வரியும் அதில் இருந்தது. கடிதம் என்பது எந்த நேரமும் எதிரி கையில் சிக்கக்கூடிய பொருள் என்று அந்தக் குடும்பத்துக்கு நன்றாகவே தெரியும். அபிகெயில் தன் கடிதங்களை எரித்துவிடச் சொல்லியிருக்கிறார். 1776 ஏப்ரல் 28-ல் ஜான் அதற்குப் பதில் எழுதுகிறார்: எரிக்கச் சொல்கிறாய், அதற்கு முதலில் நான் உன்னை மறக்க வேண்டும்.

அவர் எரிக்கவில்லை. கணவன் மனைவி இருவருக்கும் இடையே போய்வந்த 1,100-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று நம்மிடம் இருப்பதற்கு அந்த மறுப்புதான் காரணம்.

அதே காலம், அதே பெயர், ஒரு கத்தரிக்கோல்

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். ஜானுக்கு இரண்டாவது கசின் முறையான சாமுவேல் ஆடம்ஸ், பாஸ்டன் கலகத்தின் மூளை என்று பலரும் சொல்லும் அதே சாமுவேல். அவரும் அதே மாமன்றத்தில்தான் இருந்தார். 1817-ல், தன் எண்பத்திரண்டாவது வயதின் வாசலில், ஜான் ஆடம்ஸ் வில்லியம் டூடருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு காட்சியை நினைவு கூர்கிறார். பிலடெல்பியாவில் சாமுவேல் தன் அறையில் கட்டுக்கட்டான காகிதங்களைக் குளிர்காலத்தில் கைநிறைய அள்ளி நெருப்பில் போடுவாராம். வெயில்காலத்தில் நெருப்பு இருக்காது. அப்போது கத்தரிக்கோலை எடுத்து, இனி ஒட்டவே முடியாதபடி பொடிப்பொடியாக வெட்டி, ஜன்னல் வழியாகக் காற்றில் விட்டுவிடுவாராம். ஏன் இப்படி என்று ஜான் கேலியாகக் கேட்டால், எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், என் அலட்சியத்தால் என் நண்பர்கள் யாரும் கஷ்டப்படக் கூடாது என்பாராம்.

நான் இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. சாமுவேல் செய்தது அன்றைய நிலைமையில் மிகச் சரியான காரியம். ஒரு கடிதம் மாட்டினால் அதை எழுதியவன் தூக்கில் தொங்க வேண்டிய நாட்கள் அவை. ஆனால் விளைவைப் பாருங்கள். வெட்டியவை போக மிஞ்சியவற்றை வாங்கிப் பத்திரப்படுத்த அவருக்கு மகன் இல்லை, மகன் அவருக்கு முன்பே 1788-ல் இறந்துவிட்டான். மிச்சம் மகள் வழியில் வெல்ஸ் குடும்பத்துக்குப் போய், அப்புறம் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் பான்கிராஃப்டின் சேகரத்தில் சேர்ந்தது. அந்தச் சேகரத்தை 1893-ல் லெனாக்ஸ் நூலகம் வாங்கியது, லெனாக்ஸ் நியூயார்க் பொது நூலகத்தில் கலந்தது. புரட்சியைக் கிளப்பியவர்களில் மிகப் பெரியவர் ஒருவரின் மனதுக்குள் நாம் இன்று நுழைய முடிவதே இல்லை. ஜானின் ஒவ்வொரு பல்வலியும் நமக்குத் தெரிகிறது. ஆவணம் அதிகம் விட்டுப்போனவர் பக்கமே வரலாறு சாய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

டைரி எழுதும் பையன்

1778-ல் ஜான், பிரான்சுக்குத் தூதராகப் போனபோது மூத்த மகன் ஜான் குயின்சியைக் கூட்டிப்போனார். அங்கிருந்து பையன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். அப்பா என்னைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார், கடிதங்களுக்கு நகல் வைக்கவும் சொல்கிறார், சில வருடம் கழித்து இந்தச் சின்னப்பிள்ளைத்தனத்தையெல்லாம் படிக்க எனக்கே வெட்கமாக இருக்கும், ஆனாலும் நான் எப்படிப் படிப்படியாக வளர்ந்தேன் என்று பார்க்கிற சந்தோஷம் கிடைக்கும் என்கிறான். அப்போது அவனுக்கு வயது பதினொன்று.

அடுத்த வருடம், 1779 நவம்பரில், இரண்டாவது கடல் பயணத்தின்போது நாட்குறிப்பைத் தொடங்கினான். 1848-ல் நாடாளுமன்றத்தில் தன் இருக்கையிலேயே சரிந்து, இரண்டு நாளில் இறக்கும் வயதுவரை அது நீண்டது. மொத்தம் 51 தொகுதிகள், 14,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள். தூதர், வெளியுறவுச் செயலர், குடியரசுத் தலைவர், அப்புறம் பதினேழு வருடம் சாதாரண நாடாளுமன்ற உறுப்பினர் என்று எந்தப் பதவியிலும் எழுதுவது நிற்கவில்லை. 1820-ல் மிசூரி மாகாணத்தைச் சேர்ப்பது பற்றிய சண்டையின்போது, அடிமை முறையை ஆதரிக்கும் சக அமைச்சர் கால்ஹூனோடு நடந்தபடியே பேசியதை எழுதி வைத்திருக்கிறார். வெளியில் வாயைத் திறக்காத விஷயங்களை அதில் திறந்து எழுதினார். அடிமை முறை எப்படிப் பேசப்பட்டது, எதைப் பேசாமல் விட்டார்கள் என்று ஆராய்பவர்கள் இன்றும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

2009-ல் வரலாற்றுச் சங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஜான் குயின்சி, நாளுக்கு ஒரு வரி என்று ஒரு சுருக்க டைரியும் வைத்திருந்தார். 1809 ஆகஸ்டில் ரஷ்யாவுக்குக் கப்பல் ஏறிய நாளிலிருந்து அந்த வரிகளை, சரியாக இருநூறு வருடம் கழித்து, அதே தேதிகளில் ட்விட்டரில் போட ஆரம்பித்தார்கள். காற்று எந்தப் பக்கம், கப்பல் எங்கே, இன்று என்ன படித்தேன் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி.

கல் நூலகம்

ஜான் குயின்சிக்கு இருந்த மூன்று மகன்களில் இரண்டு பேர் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். மிஞ்சியவர் சார்லஸ் பிரான்சிஸ். தன் உயிலில் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் அவருக்கு எழுதிவைத்த அப்பா, தீப்பிடிக்காத ஒரு கட்டடம் கட்டி அதில் வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அது நிறைவேற 22 வருடம் ஆனது. 1870-ல் குயின்சி ஊரில், குடும்பத்தின் பழைய வீட்டுத் தோட்டத்தில், வீட்டைத் தொடாமல் தள்ளி, சுவரெல்லாம் கல்லாக அந்த நூலகம் எழுந்தது. மர வீடுகளும் கணப்பு அடுப்பும் எண்ணெய் விளக்கும் இருந்த காலத்தில் காகிதத்துக்கு முதல் எதிரி தீ. தனியாக ஒரு கல் கட்டடம் என்பது அன்றைக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாதுகாப்பு. பழைய வீடு இன்று தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது, அந்த நூலகத்தையும் போய்ப் பார்க்கலாம்.

சார்லஸ் பிரான்சிஸ் கட்டடத்தோடு நிற்கவில்லை. அவர்தான் குடும்பத்தின் முதல் பதிப்பாசிரியர். 1840-ல் பாட்டி அபிகெயிலின் கடிதங்களைப் புத்தகமாக்கினார். 1850-களில் தாத்தாவின் எழுத்துகளைப் பத்துத் தொகுதிகளாகவும், 1870-களில் அப்பாவின் நாட்குறிப்பிலிருந்து பொறுக்கிப் பன்னிரண்டு தொகுதிகளாகவும் கொண்டுவந்தார். நடுவில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் லண்டனில் தூதர் வேலை வேறு. அசுர உழைப்பு, சந்தேகமே இல்லை.

ஆனால் பேரன் பதிப்பித்தால் என்ன ஆகும் என்பதும் இதில் தெரிகிறது. பாட்டியின் எழுத்துப்பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தினார். அன்றாட விஷயம், வீட்டு விஷயம், பொது வாசகருக்கு வேண்டாதது என்று அவருக்குத் தோன்றியவற்றை வெட்டினார். அந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் எல்லோரும் செய்ததுதான். ஆனாலும் கையெழுத்துப் படிகள் போய், அவர் அச்சிட்டவை மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் ஆடம்ஸ் குடும்பம் என்பது வெறும் அரசியல் குடும்பமாகவே நமக்குத் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு கடிதத்தைக் காட்டுகிறேன். 1777 ஜூலை 10. அபிகெயில் நிறைமாதம். கணவர் பிலடெல்பியாவில். வயிற்றில் குழந்தை இறந்துவிட்டதோ என்று ஒரு நாள் முன்பே பயந்து எழுதியிருக்கிறார். இப்போது பிரசவ வலி வந்துவிட்டது, பேனா கையில் இருக்கிறது. இந்த நிமிடம் பேனாவைக் கீழே வைக்கிறேன், தப்பிக்க முடியாததைத் தாங்கியாக வேண்டும் என்று எழுதுகிறார். அடுத்த வரியிலேயே, தாங்கிவிட்டேன், மறுபடி பேனாவை எடுக்கிறேன் என்று தொடர்கிறார். வலியின் இடைவெளியில் எழுதிய கடிதம் அது. மறுநாள் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை.

எது ஆவணம், எது வீட்டு விஷயம் என்று தரம் பிரிப்பவர்கள் இந்தக் கடிதத்தை எந்தப் பெட்டியில் வைப்பார்கள்? மாமன்றம் போர் நடத்திக்கொண்டிருந்த அதே வாரத்தில் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லும் சாட்சி இது.

பூட்டிய அறை, 1905 முதல்

1902-ல் கையெழுத்துப் படிகளைக் குயின்சியிலிருந்து பாஸ்டனுக்கு, வரலாற்றுச் சங்கத்தின் பாய்ல்ஸ்டன் தெருக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். சார்லஸ் பிரான்சிஸின் மகன், அதே பெயர் கொண்டவர், அப்போது சங்கத்தின் தலைவர். (இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு அப்பா, மகன், பேரன் மூவருக்கும் ஒரே பெயர் என்பது தலை சுற்ற வைக்கும். ஜூனியர் என்பதும் ரோமன் எண்ணும்தான் அங்கே இனிஷியல் செய்கிற வேலையைச் செய்கின்றன.) 1905-ல் குடும்பத்தினர் ஓர் அறக்கட்டளை அமைத்து, ஐம்பது வருடத்துக்குக் காகிதங்கள் முழுவதையும் அதன் பெயரில் வைத்தார்கள். இடம் சங்கத்துடையது, சாவி குடும்பத்துடையது.

அந்த ஐம்பது வருடத்தில் மிகச் சிலருக்குத்தான் உள்ளே அனுமதி கிடைத்தது. கேட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கதவு திறக்கவில்லை. குடும்பத்தின் தயக்கம் எனக்குப் புரிகிறது. தாத்தாவின் கோபங்கள், மாமாவின் கடன், குடித்து அழிந்த ஒரு மகன், இவையெல்லாம் அந்தக் காகிதங்களில் அப்படியே கிடக்கின்றன. ஹென்றி ஆடம்ஸ் தன் பழைய டைரிகளை 1888-ல் படித்துப் படித்து அழித்தார், அதற்கு மூன்று வருடம் முன்புதான் அவர் மனைவி கிளோவர், தன் புகைப்பட வேலைக்கு வைத்திருந்த ரசாயனத்தைக் குடித்து உயிரை விட்டிருந்தார். தன் துக்கம் தன்னோடு போகட்டும் என்று நினைத்த ஒருவரைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் மற்ற ஆடம்ஸ்கள் பூட்டினார்களே தவிர எரிக்கவில்லை. பூட்டை ஒரு நாள் திறக்கலாம்.

அது 1950-களில் நடந்தது. அறக்கட்டளையின் காலம் முடியும் தறுவாயில் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க முடிவு செய்தது. 1956-ல் சேகரம் முழுக்க வரலாற்றுச் சங்கத்துக்குச் சொந்தமானது. எந்தப் பக்கத்தையும் எடுத்து ஒளிக்கவில்லை, யாரைப் பற்றி அச்சிடக் கூடாது என்று நிபந்தனை போடவில்லை. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இது. முந்தைய தலைமுறைகள் கட்டிக் காத்ததைவிட இந்தத் தலைமுறை விட்டுக்கொடுத்ததுதான் கடினமான வேலை.

படச்சுருளும் சீட்டுகளும்

செய்த வரிசையில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. பதிப்பு வேலை பல பத்தாண்டு பிடிக்கும் என்று தெரியும். அதுவரை எல்லோரும் காத்திருக்கக் கூடாது என்று முதலில் 1954 முதல் 1959 வரை அத்தனையையும் மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். 608 சுருள்கள். வேண்டிய நூலகங்கள் முழுத் தொகுப்பையும் வாங்கிக்கொள்ளலாம். டைரிகள், நகல் நோட்டுகள், இதர நோட்டுகள் என்று மூன்று பகுதி. வந்த கடிதங்களும் தனித்தாள்களும் நான்காவது பகுதி, அவை யாருடையவை என்று பிரிக்காமல் தேதி வரிசையில். அதனால் ஒரு நாளைத் திறந்தால் வெளியுறவுக் கடிதமும் தங்கையின் சமையல் புலம்பலும் அடுத்தடுத்து வருகின்றன. குடும்பத்தை ஆள் ஆளாகப் பிரித்திருந்தால் இந்த நெருக்கம் கிடைத்திருக்காது.

பதிப்புக்குத் தலைமை ஏற்க வந்தவர் லைமன் பட்டர்ஃபீல்ட். பிரின்ஸ்டனில், மூன்றாவது குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனின் ஆவணப் பதிப்பில் வேலை பார்த்தவர். டைம் நிறுவனம் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தது, பதிலுக்கு லைஃப் பத்திரிகையில் பகுதிகளை வெளியிடும் உரிமை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் பெல்க்னாப் பிரிவு அச்சிட்டது. முதல் நான்கு தொகுதிகள் 1961-ல் வந்தன, அன்றைய குடியரசுத் தலைவர் கென்னடியே வரலாற்று ஆய்விதழில் அவற்றுக்கு மதிப்புரை எழுதினார். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் ஆகிவிட்டன, வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டர்ஃபீல்ட் குழு செய்த இன்னொரு காரியம் வெளியில் அதிகம் பேசப்படாதது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு சீட்டு எழுதித் தேதி வரிசையில் அடுக்கினார்கள். பாஸ்டனில் இருப்பவற்றுக்கு மட்டுமில்லாமல், உலகத்தில் எங்கே ஒரு ஆடம்ஸ் கடிதம் இருந்தாலும் அதற்கும் ஒரு சீட்டு. அது ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தால் குடும்பப் பெயரில் சேர்த்த சேகரத்தின் அடிப்படைக் குறை பிடிபடும். கடிதம் எழுதியவர் வீட்டில் தங்குவதில்லை, பெற்றவர் வீட்டில்தான் தங்குகிறது. ஜான் ஜெஃபர்சனுக்கு எழுதியது ஜெஃபர்சன் பெயரில் இருக்கும். அபிகெயில் தன் அக்கா மேரி கிராஞ்சுக்கு எழுதியவற்றில் பெரும்பகுதி வூஸ்டர் நகரின் பழம்பொருள் ஆய்வுச் சங்கத்திலும், தங்கை எலிசபெத்துக்கு எழுதியவை வாஷிங்டனில் ஷா குடும்பப் பெயரிலும் இருக்கின்றன. அக்கா தங்கைகளிடம்தான் அபிகெயில் மிகவும் மனம் விட்டுப் பேசினார். அதெல்லாம் ஆடம்ஸ் பெட்டிக்கு வெளியே.

மருமகள்கள் உள்ளே, மகள்கள் வெளியே

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. இந்தச் சேகரத்தில் வாசிக்க மிகவும் சுவையான எழுத்து சிலருடையது. அபிகெயில், பிறப்பால் ஸ்மித். ஜான் குயின்சியின் மனைவி லூயிசா, லண்டனில் பிறந்தவர், பிறப்பால் ஜான்சன். கிளோவர், பிறப்பால் ஹூப்பர். மூவரும் கல்யாணம் ஆகி அந்தப் பெயருக்குள் வந்தவர்கள். வந்ததால் அவர்கள் காகிதங்கள் ஆடம்ஸ் பெயரில் தங்கின.

லூயிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1815-ல் கடுங்குளிரில், பீட்டர்ஸ்பர்கிலிருந்து பாரிஸ் வரை, ஏழு வயது சார்லஸ் பிரான்சிஸைக் கூட்டிக்கொண்டு, நெப்போலியன் திரும்பி வந்த குழப்பத்துக்கு நடுவே வண்டியில் பயணம் செய்தவர். 1836-ல் அதை உட்கார்ந்து எழுதினார். தன் வாழ்க்கை பற்றி எழுதிய இன்னொரு குறிப்புக்கு, ஒன்றுமில்லாத ஒருத்தியின் சாகசங்கள் என்ற பொருளில் பெயர் வைத்தார். அவருடைய டைரியும் தன்வரலாற்றுக் குறிப்புகளும் முழுமையான பதிப்பாக வந்தது 2013-ல்தான். மாமனார், கணவர், மகன் எல்லோருக்கும் பிறகு. தாமதம்தான், ஆனால் காகிதம் பத்திரமாக இருந்ததால் தாமதத்தோடு போயிற்று.

மகள்களுக்கு அந்தத் தாமதம்கூட வாய்க்கவில்லை. ஜானுக்கும் அபிகெயிலுக்கும் வளர்ந்து ஆளான ஒரே மகள், அம்மாவின் பெயரையே கொண்டவர், வீட்டில் நாப்பி. 1786-ல் வில்லியம் ஸ்டீபன்ஸ் ஸ்மித்தைக் கல்யாணம் செய்துகொண்டார். ஸ்மித்தாகப் பிறந்த அம்மா ஆடம்ஸ் ஆனார், ஆடம்ஸாகப் பிறந்த மகள் வேறொரு ஸ்மித் ஆனார். 1811-ல் மயக்க மருந்தே இல்லாத காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 1813-ல் பெற்றோர் வீட்டிலேயே இறந்தார். அவருடைய காகிதங்கள் மகள் கரோலினிடம் போயின. கரோலின் டி விண்ட் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். 1840-களின் தொடக்கத்தில் அம்மாவின் டைரியிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் கொஞ்சம் அச்சிட்டார், நல்லவேளை. 1862-ல் ஹட்சன் நதிக்கரையில் இருந்த டி விண்ட் வீடு எரிந்தது, உள்ளே இருந்த பெரும்பகுதியும் சேர்ந்து எரிந்தது. குயின்சியில் தீக்குப் பயந்து கல்லில் நூலகம் கட்டியது அதற்கு எட்டு வருடம் கழித்து. கட்டியிருந்தாலும் நாப்பியின் பெட்டி அங்கே போயிருக்காது. அவர் அப்போது ஆடம்ஸ் இல்லையே.

பெயருக்கு வெளியே போனது எல்லாம் அழிந்துவிடவில்லை என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. ஜான் ஆடம்ஸின் மிகப் பழைய நாட்குறிப்பு, 1753-ல் ஹார்வர்டு மாணவராக இருந்தபோது தொடங்கியது, கல் நூலகத்தில் இல்லை. பட்டர்ஃபீல்ட் குழு முதல் நான்கு தொகுதிகளை அச்சிட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. கிடைத்த இடம் வெர்மான்ட் வரலாற்றுச் சங்கம். ராயல் டைலர் என்பவரின் காகிதங்களோடு கிடந்தது. டைலர் யார் என்றால், நாப்பியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு, அது நடக்காமல் போனவர். பின்னாளில் ஆடம்ஸ் குடும்பம் குயின்சியில் குடியேறிய அந்தப் பழைய வீட்டைக்கூட, நாப்பியோடு வாழலாம் என்ற நினைப்பில் முதலில் வாங்க முயன்றவர் அவர்தான். அந்த நோட்டு அவர் வீட்டுக் காகிதங்களோடு சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு பத்திரமாக இருந்தது. 1966-ல் தனிப் புத்தகமாக வந்தது.

அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு, ஆடம்ஸ் சேகரத்தை வைத்து வேலை செய்பவர்கள் தேடும் பட்டியலில் கிராஞ்ச், ஷா, ஸ்மித், டி விண்ட், டைலர் என்ற பெயர்கள் கட்டாயம் இருக்கின்றன. நம்மில் யாராவது ஒரு குடும்பத்தின் காகிதங்களைச் சேர்க்க உட்கார்ந்தால், நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டை விட்டுப் போன மகள்களின் முகவரிகளை முதல் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாப்பி லண்டனிலிருந்து எழுதியவற்றில், அவர் தம்பி ஜான் குயின்சிக்கு அனுப்பிய நீளமான கடிதங்கள் இன்று பாஸ்டனில் இருக்கின்றன. 1785, 1786-ல் அந்த ஊரில் யாரைப் பார்த்தோம், என்ன நாடகம், யார் என்ன பேசினார்கள் என்று நாள்வாரியாக எழுதிய பக்கங்கள். வாங்கியவர் எதையும் தூக்கிப் போடாத அந்தத் தம்பி என்பதால் அவை தப்பித்தன. குடும்பக் கடிதத் தொகுதிகளில் அவை முழுசாக அச்சாகியிருக்கின்றன, இணையத்திலும் படிக்கலாம்.